பேட்ரிக் யூவிங்: ஆட்டக்காரராக ராஜா, ஜார்ஜ்டவுன் கோச்சாக 75–109. எங்கே பிசகியது?

#1 கோர்ட்டோரம்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபில் ஒரு பழைய பேஸ்கட்பால் ஆட்டத்தை முழுசாகப் பார்த்துத் தொலைத்தேன். 2021 மார்ச் 13, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், அமெரிக்கக் கல்லூரிகளின் பிக் ஈஸ்ட் தொடரின் இறுதி ஆட்டம். ஜார்ஜ்டவுன் 73, கிரெய்ட்டன் 48. இடைவேளையிலேயே 36–18. பாதி ஆட்டத்துக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் அணைக்க மனசு வரவில்லை.

அந்த சீசன் தொடங்கும் முன் போட்ட கணிப்பில் ஜார்ஜ்டவுனுக்குக் கடைசி இடம். தொடருக்குள் எட்டாம் நிலை அணியாக நுழைந்து, நான்கு நாளில் நான்கு ஆட்டம் ஜெயித்தார்கள். கோச் பேட்ரிக் யூவிங். அவர் ஆடிய நியூயார்க் நிக்ஸ் அணியின் அரங்கம் அது. அதன் கூரையில் அவருடைய 33ஆம் எண் ஜெர்சி தொங்குகிறது, கீழே அவர் கோப்பையோடு நிற்கிறார்.

அடுத்த வருஷம் அதே கோச், அதே கல்லூரி. பிக் ஈஸ்டில் 19 ஆட்டம், 19 தோல்வி. அதற்கும் அடுத்த வருஷம் வேலையே போயிற்று.

நான்கு நாள் அப்படி ஆட வைக்கத் தெரிந்த மனிதருக்கு மற்ற நாட்களில் என்ன ஆனது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிக்ஸ் ரசிகர்கள் அழாமல் எழுதவும்.

#2 பாக்ஸ்ஸ்கோர்

எண்களை முதலில் வைத்துவிடுகிறேன், அப்புறம் சண்டை போடலாம்.

2017–18ல் 15 வெற்றி, 15 தோல்வி, அதாவது 15–15. 2018–19ல் 19–14, என்ஐடி என்ற இரண்டாம் நிலைத் தேசியத் தொடரில் முதல் ஆட்டத்திலேயே ஹார்வர்டிடம் தோல்வி. 2019–20ல் 15–17. 2020–21ல் 13–13, நீங்கள் பார்த்த கோப்பை, அதன் பலனாகக் கிடைத்த என்சிஏஏ தேசியத் தொடர் வாய்ப்பில் கொலராடோவிடம் 96–73 என்று அடி. 2021–22ல் 6–25. 2022–23ல் 7–25. மொத்தம் 75 வெற்றி, 109 தோல்வி.

கவனித்தீர்களா? கோப்பை வாங்கிய சீசனே சரிபாதிதான். ஆறு சீசனில் தோல்வியை விட வெற்றி அதிகம் இருந்தது ஒரே ஒரு சீசன். உங்கள் கேள்வியை நான் திருப்பிக் கேட்பேன்: மற்ற நாட்களில் இப்படி இருந்தவருக்கு அந்த நான்கு நாள் எங்கிருந்து வந்தது?

#3 நெட்கிழிச்சான்

இதில் புதிரே இல்லை. பெரிய ஆட்டக்காரன் நல்ல கோச் ஆக மாட்டான், அவ்வளவுதான். கிறிஸ் முல்லினைப் பாருங்கள். அவரும் யூவிங்கும் 84 ஒலிம்பிக், 92 ட்ரீம் டீம் இரண்டிலும் சேர்ந்து தங்கம் வாங்கியவர்கள். அவரும் தன் பழைய கல்லூரியான செயின்ட் ஜான்ஸுக்குத் திரும்பி வந்தார். நான்கு வருஷம், 59–73, போய்விட்டார். கிளைட் டிரெக்ஸ்லர் ஹூஸ்டனில் இரண்டே வருஷம், 19–39. தனக்கு இயல்பாக வந்ததை அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்குத் தெரியாது.

#4 பெஞ்சுமணி

நெட்டு, யூவிங்கையும் டிரெக்ஸ்லரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். டிரெக்ஸ்லர் ஆடி முடித்த கையோடு ஹூஸ்டன் கல்லூரிக்குப் போனவர். யூவிங் அப்படியா? 2002ல் ஓய்வு பெற்றதும் வாஷிங்டனில் உதவிக் கோச். அப்புறம் ஹூஸ்டன் ராக்கெட்ஸ், அங்கே யாவ் மிங்கோடு வேலை. அப்புறம் ஆர்லாண்டோ, அங்கே டுவைட் ஹோவர்ட். 2009ல் அந்த அணி தொழில்முறை லீக்கான என்பிஏவின் இறுதிச் சுற்று வரை போனது. அப்புறம் சார்லட். மொத்தம் சுமார் 15 வருஷம் அடுத்தவர் பக்கத்து நாற்காலி. ஒரு அணிகூட "நீயே தலைமைக் கோச்சாக இரு" என்று சொல்லவில்லை. உயரமான சென்டர் ஆட்டக்காரர்களை யாரும் கோச்சாகப் பார்ப்பதில்லை என்று அவரே குறைப்பட்டிருக்கிறார்.

ஒரு சின்ன விஷயம். 2013 நவம்பரில் சார்லட்டின் தலைமைக் கோச் ஸ்டீவ் கிளிஃபோர்டுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தது. அந்த ஒரு ஆட்டத்துக்கு யூவிங்தான் பொறுப்பு. ஆட்டம் யாரோடு? சார்லட்டில், தன் பழைய நிக்ஸோடு. விதி சில நேரம் மலிவான திரைக்கதை எழுதும்.

சொல்லிக்கொடுக்கத் தெரியாதவரை 15 வருஷம் யார் சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்கள்?

#5 கோர்ட்டோரம்

மணி அண்ணே, அந்த 2013 ஆட்டம் எனக்குத் தெரியாது. நன்றி.

#6 விசில்

நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நெட்கிழிச்சான் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஒருமுறை மாநில அளவில் ஆடிய ஒருவர் எங்கள் பையன்களுக்கு ஒரு வாரம் கற்றுத்தர வந்தார். அருமையான கை. போஸ்டில், அதாவது வளையத்துக்குப் பக்கத்தில், நின்று பந்து வாங்குவதற்கு முன்பே எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டும் என்றார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "எந்தப் பக்கம்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டான். அவர் யோசித்தார், யோசித்தார், கடைசியில் "தெரியும்டா" என்றார். பையனுக்குப் பின்னால் ஆள் எந்தத் தோள்பட்டையில் சாய்கிறான் என்பதை முதுகாலேயே உணர வேண்டும், அதுதான் பதில். அவர் உடம்புக்குத் தெரிந்தது, வாய்க்குத் தெரியவில்லை.

ஆனால் யூவிங் கதைக்கு இது பொருந்தாது என்பதுதான் என் கட்சி. அதே ஜார்ஜ்டவுனில் அவரை உருவாக்கிய ஜான் தாம்சனும் முன்னாள் என்பிஏ ஆட்டக்காரர்தான்! பலருக்கு இது மறந்துபோகிறது. பாஸ்டன் செல்டிக்ஸில் இரண்டு சீசன், அந்த அணியின் நட்சத்திரம் பில் ரஸ்ஸலுக்கு மாற்று. 65லும் 66லும் சாம்பியன் அணி. ரஸ்ஸலுக்கு மாற்று என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், பெரும்பாலும் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பின்னாளில் அதே துண்டு அவர் தோளில் அடையாளச் சின்னமாக ஏறியது.

அதற்கப்புறம் அவர் போனது என்பிஏ உதவிக் கோச் வேலைக்கு இல்லை. வாஷிங்டனில் செயின்ட் அந்தோணி என்ற பள்ளிக்கூடத்துக்கு. பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள், மார்க் ஷீட், சாப்பாடு, பஸ். 1972ல் ஜார்ஜ்டவுன் கூப்பிட்டபோது அந்த அணி முந்தைய சீசனில் 3–23. முதல் வருஷம் 12–14. அங்கிருந்து 27 வருஷம், 596 வெற்றி, 1984ல் சாம்பியன். என்சிஏஏ பட்டம் வென்ற முதல் கறுப்பினத் தலைமைக் கோச்.

அவர் மேசையில் காற்றுப் போன ஒரு பேஸ்கட்பால் இருக்கும். பந்தில் காற்று இறங்கிய பிறகு நீ என்ன செய்வாய் என்று பையன்களுக்கு நினைவுபடுத்த. கல்லூரிக் கோச்சின் வேலையில் பெரும்பகுதி அந்த மேசையில் நடப்பது. யூவிங் படித்த 15 வருஷப் பாடம் முழுக்கக் கோர்ட்டில் நடப்பது. சம்பளம் வாங்கும் முப்பது வயசுக்காரனுக்கு ஃபுட் வொர்க் திருத்துவது வேறு, பதினெட்டு வயசுப் பையனை டிசம்பர் மாதம் வீட்டுக்கு ஓடாமல் பிடித்துவைப்பது வேறு.

#7 பாக்ஸ்ஸ்கோர்

மாஸ்டர் சொன்ன "டிசம்பர்" தற்செயலா என்று தெரியவில்லை. 2019 டிசம்பரில்தான் ஜேம்ஸ் அகின்ஜோ சீசன் நடுவில் ஜார்ஜ்டவுனை விட்டுப் போனார். அதற்கு முந்தைய வருஷம் பிக் ஈஸ்டின் சிறந்த முதலாண்டு ஆட்டக்காரர் விருது வாங்கியவர். முதலில் அரிசோனா, பிறகு பெய்லர் போனார். அவரோடு சேர்ந்து வந்த மேக் மெக்ளங் 2020ல் டெக்சாஸ் டெக்குக்குப் போய்விட்டார். ஆம், அதே மெக்ளங்தான். 2023, 2024, 2025 என்று மூன்று வருஷம் தொடர்ந்து என்பிஏ டங்க் போட்டியை ஜெயித்தவர். 2023 பிப்ரவரியில் அவர் உலகத்தையே வாய்பிளக்க வைத்தபோது ஜார்ஜ்டவுன் தரைமட்டத்தில் கிடந்தது.

#8 மேரிலாண்ட் முத்து

0–19 சீசனில் ஒரு ஆட்டம் நேரில் பார்த்தவன் நான். அலுவலக நண்பர் ஒருவர் ஜார்ஜ்டவுனில் படித்தவர், அவரிடம் டிக்கெட் இருந்தது, "சும்மா வா, கூட்டம் இருக்காது" என்றார். கேபிடல் ஒன் அரீனா என்பது என்பிஏ அணி ஆடும் இடம். அவ்வளவு பெரிய கொட்டகையில் ஆட்களைத் தேட வேண்டியிருந்தது. ஷூ கிறீச்சிடுவது மேல் வரிசை வரை கேட்டது. ஃப்ரீ த்ரோ போடும்போது யாரோ ஒருவர் இருமியது ஞாபகம் இருக்கிறது.

யூவிங் ஏழு அடி மனிதர். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் பெஞ்சில் இருக்கும் பையன்களை விட அவர்தான் முதலில் கண்ணில் படுவார். டைம் அவுட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் இரண்டாக மடங்கி அந்தப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். என் நண்பர் பலகையைப் பார்க்கவே இல்லை, கூரையில் தொங்கும் 1984 கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "திட்டவும் முடியலை, முத்து" என்றார். அந்தக் கல்லூரிக்காரர்களுக்கு அதுதான் பெரிய வேதனை. வேறு யாராக இருந்தாலும் கூச்சல் போட்டிருப்பார்கள்.

#9 சுழல்பந்து

கிரிக்கெட் இழையிலிருந்து வழி தவறி வந்துவிட்டேன், மன்னிக்கவும். பிக் ஈஸ்ட் என்றால் என்ன? கல்லூரிக்கு ஏன் இவ்வளவு அலப்பறை?

#10 பெஞ்சுமணி

வாங்க சுழல். பிக் ஈஸ்ட் என்பது கல்லூரிகளின் கூட்டமைப்பு. அவர்களுக்குள் சீசன் முழுக்க ஆடிவிட்டு, மார்ச்சில் கார்டனில் ஒரு நாக்-அவுட் தொடர் வைப்பார்கள். அதை ஜெயித்தால் தேசிய அளவிலான என்சிஏஏ தொடருக்கு நேரடி டிக்கெட். ஜார்ஜ்டவுன் வாஷிங்டனில் இருக்கும் இயேசு சபைக் கல்லூரி, நம்ம லயோலா மாதிரி. 1789ல் தொடங்கியது. எண்பதுகளில் தாம்சனும் யூவிங்கும் சேர்ந்து அதை வீட்டுக்கு வீடு தெரிகிற பெயராக்கினார்கள்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த பையன், சிறுவனாக இருக்கும்போது மாசசூசெட்ஸ் வந்து சேர்ந்தான். நான்கு வருஷக் கல்லூரியில் மூன்று தடவை தேசிய இறுதி ஆட்டம். 82ல் நார்த் கரோலினாவிடம் 63–62, மைக்கேல் ஜோர்டன் போட்ட கடைசி நேரப் பந்து. 84ல் ஹூஸ்டனை ஜெயித்துச் சாம்பியன். 85ல் வில்லனோவாவிடம் 66–64. போகும் ஊரெல்லாம் அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று பதாகை பிடித்தார்கள், வாழைப்பழத் தோலை எறிந்தார்கள். அவன் நான்கு வருஷமும் இருந்து பட்டம் வாங்கினான், நுண்கலையில். படிப்பை முடிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அவர் 83லேயே இறந்துவிட்டார்.

அந்தப் பையன்தான் 2017ல் கோச்சாகத் திரும்பி வந்தவர். கூச்சல் போட ஏன் மனசு வரவில்லை என்று முத்து சொன்னது புரிகிறதா?

#11 நெட்கிழிச்சான்

உருக்கமான கதைதான், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் 0–19 என்பது 0–19.

#12 மூன்றுநொடி

யாரும் விதி மாறியதைச் சொல்லவில்லை, அதுதான் ஆச்சரியம்.

முன்பெல்லாம் ஒரு பையன் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். அதனால் கோபித்துக்கொண்டாலும் பெரும்பாலும் இருப்பான். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்டல் வந்தது. யார் போக விரும்புகிறார் என்று எல்லாக் கோச்சுகளுக்கும் ஒரே திரையில் தெரிந்துவிடும். 2021 ஏப்ரலில், அதாவது யூவிங் கோப்பை வாங்கிய அடுத்த மாதமே, ஒருமுறை மாறினால் உட்கார வேண்டாம் என்று என்சிஏஏ விட்டுக்கொடுத்தது. அந்த ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது.

மூன்று மாதத்துக்குள் அந்தத் தொழிலே தலைகீழ். கோப்பை அணியின் சென்டர் குடூஸ் வஹாப் பக்கத்திலேயே இருக்கும் மேரிலாண்டுக்குப் போனார். ஜாவோன் பிளேரும் ஜமார்கோ பிக்கெட்டும் கல்லூரியை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்த நான்கு நாளில் வில்லனோவாவுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டுக் காப்பாற்றிய டாண்டே ஹாரிஸ் 2022–23 சீசன் நடுவில் வர்ஜீனியாவுக்குப் போய்விட்டார். அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்! அவரையே பிடித்து வைக்க முடியவில்லை என்றால் யாரை வைத்து ஆடுவது?

வஹாப் ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார் என்பது தனிக் காமெடி.

#13 நெட்கிழிச்சான்

விதி எல்லோருக்கும்தானே மாறியது? வில்லனோவாவுக்கு ஒரு போர்டல், யூவிங்குக்கு ஒரு போர்டலா? பிரெட் ஹாய்பெர்க் என்ன செய்தார்? பத்து வருஷம் என்பிஏ ஆடியவர், தன் பழைய கல்லூரியான அயோவா ஸ்டேட்டுக்கு 2010ல் வந்தார். போர்டல் என்ற சொல்லே இல்லாத காலத்தில் மற்றக் கல்லூரிகளிலிருந்து வந்த பையன்களைத் தேடிப் பிடித்து அணி கட்டினார். ஐந்து வருஷத்தில் 115–56. அந்த ஊரில் அவருக்கு "மேயர்" என்றே பட்டப்பெயர்.

#14 விசில்

தம்பி, #3ல் என்ன சொன்னீர்கள், இப்போது என்ன சொல்கிறீர்கள்? ஆட்டக்காரன் கோச் ஆக முடியும் என்று நீங்களே ஆள் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள்.

#15 நெட்கிழிச்சான்

"பெரிய" ஆட்டக்காரன் என்றேன், மாஸ்டர். ஹாய்பெர்க் நட்சத்திரம் இல்லை. 2014ல் யூகானுக்கு (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) பட்டம் வாங்கித் தந்த கெவின் ஆலியும் அப்படித்தான். 13 சீசனில் 11 அணி மாறியவர். பெட்டியைப் பிரிக்காமலே வாழ்ந்த மனிதர். உங்கள் தாம்சனும் மாற்று ஆட்டக்காரர். நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

#16 தேன்மொழி

இவ்வளவு நேரம் ஆண்கள் மட்டுமே ஆடுகிற மாதிரி பேசிக்கொண்டிருக்கிறீர்களே, டான் ஸ்டேலி என்று ஒருத்தரைக் கேள்விப்பட்டதில்லையா?

பெரிய ஆட்டக்காரரா? 96, 2000, 2004 மூன்று ஒலிம்பிக் தங்கம். ஏதென்ஸ் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியைப் பிடித்து நடந்தவர். சொல்லிக்கொடுக்கத் தெரியுமா? 2017, 2022, 2024 என்று சவுத் கரோலினாவுக்கு மூன்று தேசியப் பட்டம். 2023–24ல் 38 ஆட்டம், 38 வெற்றி. நெட்டு சாருடைய விதி இங்கே என்ன ஆகிறது?

அவர் எப்படிக் கற்றார் என்று பாருங்கள். 2000ல் ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் கல்லூரி கோச் வேலை கொடுத்தபோது அவர் இன்னும் பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏவில் ஆடிக்கொண்டிருந்தார். கோடையில் ஆட்டக்காரர், குளிர்காலத்தில் கோச். ஆறு வருஷம் இப்படி. பாயிண்ட் கார்டு வேறு, அதாவது ஆடும்போதே மற்ற நாலு பேரும் எங்கே நிற்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருப்பது அவர் வேலை. அவர் வளர்ந்ததே வட ஃபிலடெல்ஃபியாவின் அரசுக் குடியிருப்பில், ஆண் பிள்ளைகளோடு ஆடி.

2008ல் சவுத் கரோலினா வந்தார். முதல் சீசன் 10–18. அவரைக் காத்திருக்க விட்டார்கள்.

#17 நெட்கிழிச்சான்

அது பெண்கள் பேஸ்கட்பால், அங்கே நிலைமை வேறு.

#18 தேன்மொழி

எப்படி வேறு? அதே போர்டல், அதே பணம், அதே பதினெட்டு வயசு. பந்து அளவில் கொஞ்சம் சின்னது. அதைச் சொல்கிறீர்களா?

#19 நெட்கிழிச்சான்

சரி, சரி. அதை வாபஸ் வாங்குகிறேன். ஸ்டேலியைக் கணக்கில் சேர்த்தால் என் விதி உடைகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

#20 விசில்

தேன்மொழி அம்மா சொன்னதுதான் நான் சுற்றி வளைத்துச் சொல்ல வந்தது. தாம்சன் பள்ளிக்கூடத்தில் கற்றார். ஸ்டேலி டெம்பிளில் யாரும் பெரிதாகக் கவனிக்காத இடத்தில் கற்றார். யூவிங்குக்கு அப்படி ஒரு சின்ன இடம் கிடைக்கவில்லை. கல்லூரி வேலை என்ற அளவில் முதல் வேலையே ஜார்ஜ்டவுன். தன் ஆசானின் பெயரிலேயே இருக்கும் பயிற்சிக் கட்டடத்துக்குள் போய், ஆசானின் மகன் ஜான் தாம்சன் III பதவி இழந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

#21 மூன்றுநொடி

அதே வழியில் வந்த இன்னொருவர் ஜுவான் ஹோவர்ட். மயாமி ஹீட்டில் உதவிக் கோச், அங்கிருந்து நேராகத் தன் பழைய கல்லூரியான மிஷிகனுக்கு, 2019ல். 2021ல் அணியைக் கடைசி எட்டு வரை கொண்டுபோனார், யுசிஎல்ஏவிடம் 51–49 என்று நூலிழையில் போனது. அசோசியேட்டட் பிரஸ்ஸின் அந்த வருஷத்துச் சிறந்த கோச் அவர். 2023–24ல் 8–24, வேலை போயிற்று.

யூவிங், ஹோவர்ட் இருவரும் உச்சத்தைத் தொட்டது ஒரே மாதம், 2021 மார்ச். இருவரும் சரிந்தது அதற்கப்புறம். இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் இழையை விட்டே போய்விடுகிறேன்.

#22 பாக்ஸ்ஸ்கோர்

போக வேண்டாம், ஆனால் ஒரு திருத்தம். சரிவு அதற்கப்புறம் தொடங்கியது என்பது கோர்ட்டோரம் பார்த்த ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் மட்டும்தான். பிக் ஈஸ்ட் வழக்கமான சீசனில் ஜார்ஜ்டவுன் தொடர்ந்து 29 ஆட்டம் தோற்றது, அந்தக் கூட்டமைப்பின் சாதனை. 2023 ஜனவரி 24ல் டிபாலை 81–76 என்று ஜெயித்துத்தான் அது முடிந்தது. அந்த 29ல் 19 நமக்குத் தெரியும். ஒன்பது அடுத்த சீசன். மீதி ஒன்று? 2021 மார்ச் 6, யூகானிடம் 98–82. அதாவது கோப்பை வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பு. அந்த நான்கு நாள் அதிசயம் ஒரு தோல்விச் சங்கிலியின் உள்ளே நடந்தது.

#23 கோர்ட்டோரம்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

#24 பெஞ்சுமணி

அந்த நான்கு நாளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மார்க்கெட் (Marquette) கல்லூரியை 68–49. முதல் நிலை வில்லனோவாவை 72–71. சீட்டன் ஹாலை 66–58. அப்புறம் அந்த 73–48. வில்லனோவா ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்களிடம் பேச வந்தவர் ஒரே புகார்: அரங்கத்துக் காவலர்கள் தன்னை நிறுத்தி நிறுத்தி அனுமதிச் சீட்டு கேட்கிறார்களாம். இது தன் கட்டடம் இல்லையா, தன் ஜெர்சி மேலே தொங்கவில்லையா, இங்கே எல்லோருக்கும் தன்னைத் தெரிய வேண்டாமா என்று பாதி சிரிப்பும் பாதி கோபமுமாகக் கேட்டார். 15 வருஷம் அந்தத் தரையில் குளம் குளமாக வியர்வை சிந்திய மனிதர். காவலரைச் சொல்லியும் குற்றமில்லை, கோவிட் காலம், எல்லோர் முகத்திலும் மாஸ்க். ஆனால் ஏழு அடி உயர மாஸ்க் எத்தனை பேர் போட்டிருப்பார்கள்?

தாம்சன் அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் இறந்திருந்தார். இறுதி ஆட்டம் நடந்த மார்ச் 13, தாம்சனை ஜார்ஜ்டவுன் வேலைக்கு எடுத்ததன் 50ஆம் ஆண்டு நிறைவு நாள்.

#25 பாக்ஸ்ஸ்கோர்

49. தாம்சனை எடுத்தது 1972 மார்ச் 13.

#26 பெஞ்சுமணி

49. மன்னிக்கவும். உணர்ச்சிவசப்பட்டு ஒரு வருஷம் கூட்டிவிட்டேன்.

#27 நெட்கிழிச்சான்

என் கடைசி வார்த்தை. அந்த நான்கு நாளை அதிசயம் என்று நீங்கள் எல்லோரும் சொல்வதால்தான் நிர்வாகமும் ஏமாந்தது. கோப்பை வராமல் இருந்திருந்தால் 2021லேயே பேசி முடித்திருப்பார்கள் என்பது என் ஊகம். 0–19க்குப் பிறகும் ஆதரவு அறிக்கை விட்டு இன்னொரு வருஷம் கொடுத்தார்கள். 2023 மார்ச் 8ல் அதே கார்டனில், அதே பிக் ஈஸ்ட் தொடரில், வில்லனோவாவிடம் 80–48. மறுநாள் வேலை போனது. இரண்டு வருஷம் முன்பு ஒரு புள்ளியில் ஜெயித்த அதே வில்லனோவா.

அதுவும் தவிர, அந்தக் கடைசி வருஷம் அணியில் இருந்தவர்களில் பாதிப் பேர் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள். மூன்றுநொடி சொல்கிற போர்டலில் யூவிங்கும்தான் கடை விரித்தார். வாங்கத் தெரியவில்லை.

#28 மூன்றுநொடி

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நல்ல அடி.

#29 சுழல்பந்து

நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். ராத்திரி ஒரு மணி. முதலில் எந்த ஆட்டம் பார்க்க வேண்டும், சொல்லுங்கள்.

#30 விசில்

82 இறுதி ஆட்டத்தில் தொடங்குங்கள் தம்பி. ஆரம்பத்தில் நார்த் கரோலினா போடும் பந்துகளை முதலாண்டுப் பையன் யூவிங் வளையத்துக்கு மேலேயே அடித்து அடித்துத் தள்ளுவான். எல்லாம் கோல்டெண்டிங், அதாவது வளையத்துக்கு இறங்கும் பந்தைத் தட்டும் தவறு, எதிரணிக்குத்தான் புள்ளி. தாம்சன் அலட்டிக்கொள்ளவில்லை. உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று விட்டார்.

அப்புறம் கடைசி நொடிகள். ஜோர்டன் போட்டுவிட்டான், ஜார்ஜ்டவுனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஃப்ரெட் பிரவுன் பந்தைத் தன் ஆள் என்று நினைத்து எதிரணி ஜேம்ஸ் வொர்த்தி கையில் கொடுத்துவிடுவான். ஆட்டம் முடிந்ததும் தாம்சன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நான் சொல்ல மாட்டேன்.

#31 சுழல்பந்து

பார்த்துவிட்டேன்.

கட்டிப்பிடித்துக்கொண்டார்.

#32 மேரிலாண்ட் முத்து

இந்த இழையை என் ஜார்ஜ்டவுன் நண்பருக்கு வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். யூவிங் 2024ல் நிக்ஸ் அணிக்கே தூதுவர் மாதிரி ஒரு பொறுப்பில் திரும்பிவிட்டார் என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார். "இப்போ அந்தக் கட்டடத்துக்குள்ள அவரை யாரும் நிறுத்தி சீட்டு கேட்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டேன். "கழுத்துல கார்டு மாட்டியிருந்தா" என்றார்.